ஒத்திகையை எங்கள் கண் முன்னால் நடத்துங்கள்

கச்சா எண்ணெய் எடுக்கும், கடல் வழியே ஏற்றிச் செல்லும், துறைமுகங்களில் இறக்கும் நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த அவசரகாலத் திட்டத்தை முன்னறிவிப்பு இல்லாத ஒரு நாளில், அலை அடிக்கும் கடலில், கரையில் வாழ்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்து காட்டுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை மறைக்காமல் வெளியிடுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-களில் எண்ணெய்க் கப்பல்களிலிருந்து ஏழு டன்னுக்கு மேல் கொட்டிய சம்பவங்கள் ஆண்டுக்குச் சராசரியாக எண்பதை நெருங்கின. 2010-களில் அந்தச் சராசரி ஆறு அளவுக்கு இறங்கியது. கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வந்தது. 1990-இல் ஏற்கப்பட்ட சர்வதேச ஒப்பந்தம் கப்பல்களும் துறைமுகங்களும் கடல் எண்ணெய்த் தளங்களும் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. சிறு கசிவைச் சமாளிக்க உள்ளூர்க் கருவிகள், அதை மீறினால் வட்டார உதவி, அதையும் மீறினால் உலக அளவிலான உதவி என்று மூன்று அடுக்கு ஏற்பாடு உருவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில், எண்ணெய் நிறுவனங்களே பணம் போட்டு நடத்தும் அமைப்பு ஒன்று விமானங்களையும் கருவிகளையும் ஆயத்தமாக வைத்திருக்கிறது. இவையெல்லாம் உழைத்துப் பெற்ற முன்னேற்றங்கள். மதிக்கிறேன்.

ஆனால் கசிவைத் தடுப்பது வேறு, கொட்டிய எண்ணெயைச் சமாளிப்பது வேறு. இரண்டாவதில் உங்கள் ஏடுகள் சொல்வதை நம்ப எங்களால் முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

1989 மார்ச் 24, நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள். அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறைத் திட்டில் மோதியது. சுமார் நான்கு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. விபத்து நடந்த ஐந்து மணி நேரத்துக்குள் கருவிகளோடு அங்கே போய்ச் சேர்வோம் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்கள். நடந்தது என்ன? கருவிகளைச் சுமந்து செல்ல வேண்டிய பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகு பழுதாகி, சுமை இறக்கப்பட்டுக் கிடந்தது. கருவிகளில் ஒரு பகுதி பனிக்கு அடியில் புதைந்திருந்தது. தோண்டி எடுத்து, தேடிப் பிடித்து, ஏற்றி முடித்துப் பார்ஜ் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு நாளுக்கு மேல் கடல் அமைதியாகவே இருந்தது. அந்த நாட்களும் வீணாயின. பிறகு புயல்காற்று வந்து எண்ணெயை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரைக்குக் கொண்டு சேர்த்தது. திட்டம் இருந்தது, கருவிகளும் இருந்தன. ஒரு பனிக்கால நள்ளிரவில் யாரேனும் போய் "இப்போது புறப்படுங்கள் பார்ப்போம்" என்று கேட்டிருந்தால், அந்தப் பார்ஜின் நிலை முன்பே வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

இருபத்தொரு ஆண்டு கழித்து, 2010 ஏப்ரலில், மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் தளம் வெடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள். கிணற்றின் வாயை மூட 87 நாள் பிடித்தது. அந்த ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பெரிய நிறுவனங்களின் அவசரகாலத் திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வரிக்கு வரி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வெப்பமான அந்த வளைகுடாவில் காப்பாற்ற வேண்டிய உயிரினங்களில் வால்ரஸையும் சேர்த்திருந்தார்கள். ஆர்க்டிக் பனிக்கடலில் வாழும் விலங்கு அது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய நிபுணராக, 2005-லேயே காலமாகிவிட்ட ஒருவரைக் குறித்திருந்தார்கள். எழுதியவர் படிக்கவில்லை, கையெழுத்திட்டவர் படிக்கவில்லை, அனுமதி கொடுத்த அரசு அலுவலரும் படிக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டுமா?

கொட்டிய எண்ணெய் உங்களுக்கு அவகாசம் தருவதில்லை. சில மணி நேரத்துக்குள் அது பரவி மெல்லிய படலமாகிவிடும். அலையில் அடிபட்டுத் தண்ணீரை உள்ளிழுத்துக் குழம்பாகி, அளவில் மூன்று, நான்கு மடங்காகப் பெருகும். அந்தக் கெட்டியான குழம்பை உறிஞ்ச முடியாமல் பம்புகள் திணறும். எண்ணெயை வளைத்துப் பிடிக்கும் மிதவைத் தடுப்பை நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகப் போட்டால், மணிக்குச் சுமார் 1.3 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் எண்ணெய் அதன் அடியில் நழுவிவிடும். ஒருவர் மெதுவாக நடக்கும் வேகத்தைவிடவும் குறைவு இது. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் போட வேண்டும் என்பது அந்தக் கடலில் போட்டுப் பழகியவருக்குத்தான் தெரியும். 2010 வளைகுடா விபத்தில் எத்தனையோ ஆயிரம் படகுகள் இறங்கியும், கடல் மேற்பரப்பிலிருந்து அள்ள முடிந்தது வெளியேறியதில் சுமார் மூன்று விழுக்காடுதான் என்று அமெரிக்க அரசின் கணக்கே சொன்னது.

இத்தனைக்குப் பிறகும் ஒத்திகை என்றால் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதாகவே இருக்கிறது. யார் யாரை அழைக்க வேண்டும் என்று பழக அதுவும் தேவைதான். கருவிகளைக் கடலில் இறக்கும் ஒத்திகைக்கோ தேதி குறித்து, வானிலை பார்த்து, விருந்தினரை அழைத்து, முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் தோற்பதற்கு வழியே இல்லை. தோற்காத ஒத்திகையால் யாருக்கு என்ன பயன்?

கரையில் இருப்பவர்களை வேடிக்கை பார்க்கும் கூட்டமாக எண்ணாதீர்கள். 2020 ஜூலை 25 அன்று மொரிஷியஸ் அருகே பவளத்திட்டில் வகாஷியோ கப்பல் தரைதட்டியது. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6 அன்று. நடுவில் கிடைத்த நாட்கள் கைநழுவின. கடைசியில் மக்களே கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, மிதவைத் தடுப்பு செய்து கடலில் இறக்கினார்கள். சரக்குக் கப்பல் அது. அதன் எரிபொருள் எண்ணெயே அந்தக் கரைக்கு அவ்வளவு கேடு செய்தது. எண்ணெய்க் கப்பல்களுக்காக மட்டும் திட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் கேட்பது நடக்காத காரியம் அல்ல. வால்டெஸ் விபத்துக்குப் பிறகு அதே அலாஸ்காவில் மீனவர்களும் ஊர்களும் அங்கம் வகிக்கும் ஆலோசனைக் குழுவைச் சட்டமே அங்கீகரித்தது. நிறுவனங்களே அதற்குப் பணம் தருகின்றன. குழு தன் விருப்பப்படி அவர்களை விமர்சிக்கிறது. நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு ஆண்டுதோறும் பயிற்சி பெறுகின்றன. ஒரு பேரழிவு நடந்த பிறகே அங்கே இது வந்தது. மற்றக் கரைகளும் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இன்னொன்று. எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தைத் தெளிப்பதா, எந்தக் கழிமுகத்தை முதலில் காப்பது, எதைக் கைவிடுவது என்ற முடிவுகளை விபத்து நாளில் தொலைபேசியில் எடுக்காதீர்கள். 1967-இல் இங்கிலாந்துக் கரையருகே டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் விபத்துக்குள்ளானபோது சுமார் பத்தாயிரம் டன் ரசாயனத்தைக் கொட்டினார்கள். எண்ணெய் கொன்றதைவிட அது கரையோர உயிர்களை அதிகம் கொன்றது. இன்றைய ரசாயனங்களின் நச்சுத்தன்மை குறைவு என்பது உண்மை. ஆனால் மீன் முட்டையிடும் பருவம் எது, குஞ்சு வளரும் இடம் எது என்பதை அங்கே வலை வீசுகிறவரிடம் இப்போதே கேட்டு, வரைபடத்தில் குறித்து, அதில் அவருடைய சம்மதத்தையும் வாங்குங்கள்.

உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எத்தனை ஒத்திகை நடந்தது, அழைப்பு போனதிலிருந்து முதல் மிதவைத் தடுப்பு நீரில் இறங்க எத்தனை மணி நேரம் ஆனது, எந்த பம்பு இயங்கவில்லை, எந்தத் தொலைபேசி எண்ணை யாரும் எடுக்கவில்லை, அதையெல்லாம் எந்தத் தேதிக்குள் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். கரையிலிருந்து பார்த்தவர்கள் சொன்னதையும் திருத்தாமல் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
கடலோரத்தில் வாழும் ஒருவர்