‘மர்ம நோய்’ என்று எழுதுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் முப்பத்தோராண்டுகள் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஆப்கானிஸ்தானைப் பற்றித் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் வரும் செய்திகளைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்துவருகிறேன். அந்நாட்டில் நிகழும் சாவுகள் பெரும்பாலும் இரண்டு தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன: குண்டு வெடித்தால் போர், வெள்ளமோ வறட்சியோ வந்தால் இயற்கைச் சீற்றம். இரண்டிலும் சேராத சாவாக இருந்துவிட்டால் ‘மர்ம நோய்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த மூன்றாவது சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைத் தொட்டால் முதலிரண்டையும் தொடாமல் முடியாது என்பதால் கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

ஹெராத் மாகாணத்தின் வடமேற்கு மூலையில், ஈரான், துர்க்மெனிஸ்தான் எல்லைகளை ஒட்டி, குல்ரான் என்றொரு வட்டாரம் இருக்கிறது. மானாவாரிக் கோதுமையையும் ஆடுகளையும் நம்பிப் பிழைக்கும் ஊர்கள் அவை. 1970 முதல் 1972 வரை அங்கு மழை கடுமையாகப் பொய்த்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பெரியவர், குழந்தை என்ற வேறுபாடின்றி மக்களுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. கைகால்கள் சூம்ப, வயிறு மட்டும் நீர் கோத்து உப்பிக்கொண்டே போனது. ‘ஒட்டக வயிறு’ என்பது அவ்வட்டாரத்தில் இந்நோய்க்கு வழங்கும் பெயர். ஏறத்தாழ 35,000 பேர் வாழ்ந்த அப்பகுதியில் 7,200 பேரை மருத்துவர்கள் சோதித்தபோது நூற்றுக்கு 22.6 பேருக்கு ஈரல் கெட்டதற்கான அறிகுறிகள் இருந்தன. தொற்றுநோய் என்று அஞ்சுவதற்கு எல்லா நியாயமும் இருந்த நிலையில், காரணம் அவர்கள் அன்றாடம் தின்ற ரொட்டியில் இருந்தது.

கோதுமையோடு சேர்ந்து முளைக்கும் ஹீலியோட்ரோப் என்ற களையின் விதை அறுவடையில் கலந்து, அரைபட்டு, மாவாகியிருந்தது. அங்கு அதைச் சார்மக் என்கிறார்கள். நம் வரப்புகளிலும் குளக்கரைகளிலும் பூங்கதிர் தேளின் வால்போலச் சுருண்டு நிற்கும் தேள்கொடுக்குச் செடியின் இனத்தைச் சேர்ந்தது அது. (தேள்கொடுக்கை நாட்டு வைத்தியமென்று அரைத்துக் குடிப்பவர்கள் இதைச் சற்று நின்று படிக்க வேண்டும், அதே வகை நச்சு அதிலும் உண்டு.) பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற அந்நச்சு உடலுக்குள் போனதும் ஈரலே அதை மேலும் கொடிய பொருளாக மாற்றிவிடுகிறது, அப்பொருள் ஈரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் நுண்ணிய சிரைகளின் உட்சுவரைப் புண்ணாக்கி அடைக்கிறது. உள்ளே வந்த இரத்தம் போக வழியில்லாமல் தேங்க, நீர் கசிந்து வயிற்றில் நிறைகிறது. அடுப்புச் சூட்டில் இந்நஞ்சு அழிவதில்லை, இதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. அந்த மாவை நிறுத்துவது ஒன்றுதான் வைத்தியம். வேறு மாவு இல்லாத வீட்டில் அந்த வைத்தியத்துக்கு என்ன பொருள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வறட்சியின் பங்கைக் கவனிக்க வேண்டும். மழை குறைந்தால் கோதுமை மெலிகிறது. வறட்சி தாங்கும் களையோ தழைக்கிறது. நல்ல ஆண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் விதை, கெட்ட ஆண்டில் தானியத்துக்குப் போட்டியாகச் சேர்கிறது. விளைந்ததே கொஞ்சம் என்கிறபோது எந்தத் தாயும் முறத்தில் புடைத்துப் பாதியைக் கொட்டிவிட மாட்டாள். வேறு ஆண்டாக இருந்தால் மாட்டுக்குப் போயிருக்கும் அடிமூட்டையும் அரைக்கப்படுகிறது.

போரின் பங்கை அறிய எல்லையைத் தாண்டித் தஜிகிஸ்தானுக்குப் போக வேண்டும். 1992இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டபோது, தெற்கிலுள்ள ஃபார்கோர் பகுதியில் கோதுமை அறுவடை இரண்டு மாதங்கள் தள்ளிப்போனது. அந்த இரண்டு மாதங்களில் ஹீலியோட்ரோப் வளர்ந்து, காய்த்து, கதிரோடு சேர்ந்து அறுபட்டது. 1992 நவம்பரிலிருந்து 1993 மார்ச்சுக்குள் 3,906 பேர் இந்த ஈரல் நோயால் பாதிக்கப்பட்டனர். குல்ரானில் மழை வராததால் நேர்ந்தது ஃபார்கோரில் அரிவாள் வராததால் நேர்ந்திருக்கிறது. இறந்தவர்களை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

குல்ரானை அந்நோய் 2007 இறுதியில் மீண்டும் தாக்கியது. 1976லேயே லான்செட் மருத்துவ இதழில் விவரமாக எழுதப்பட்டுவிட்ட நோய் அது. இருந்தும் அதே ஊர்களின் மாவை மறுபடியும் சோதனைக்கு அனுப்பி, அதே நஞ்சை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இடையில் சோவியத் படை வந்து போயிருந்தது, உள்நாட்டுப் போர் நடந்திருந்தது, ஆட்சிகள் மாறியிருந்தன, 2001இல் அமெரிக்கப் படை வந்திருந்தது. மருத்துவமனைக் கட்டடத்தைப் போர் இடிப்பதை எல்லோரும் பார்க்கிறோம். “இந்தக் களை பூப்பதற்கு முன் பறித்துவிடுங்கள்” என்று ஆண்டுதோறும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லவேண்டிய கீழ்நிலைப் பணியாளர் ஒருவர் இல்லாமல் போவதும் போரின் சேதந்தான் என்பது, அத்தகைய வேலையிலேயே ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் என்னுடைய துணிபு.

கோர் மாகாணத்தின் தைவாரா மலைப்பகுதியில் 2002இன் தொடக்கத்தில் நடந்ததும் இதே பாடந்தான். ஈறுகளில் இரத்தம், மூட்டு வலி, பின் சாவு. இரத்தக் கசிவுக் காய்ச்சலோ என்ற அச்சம் எழுந்தது. ஆராய்ந்தபோது அது ஸ்கர்வி, வைட்டமின் சி இன்மையால் வரும் பழைய நோய். தொடர் வறட்சியில் கீரையும் காயும் அற்றுப்போய், பனியும் மலைப்பாதையும் வெளியுலகத்தைத் துண்டிக்க, ரொட்டியும் தேநீருமே குளிர்கால உணவாக இருந்தது. மாத்திரை கொடுத்துத் தீர்க்கக்கூடிய நோய் அது.

உண்ட பொருளைப் போலவே உறங்கிய இடத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. தோலில் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, ஆறினாலும் முகத்தில் குழித்தழும்பை விட்டுப்போகும் லீஷ்மேனியா நோயை ஆப்கானியர் சால்தானா, அதாவது ‘ஓராண்டுப் புண்’ என்கின்றனர். கொசுவைவிடச் சிறிய மணல் ஈ இரவில் ஓசையின்றிக் கடித்துப் பரப்பும் நோய் இது. பீகாரின் கருங்காய்ச்சலுக்கு நெருங்கிய உறவு. சுவர் வெடிப்பும் இடிபாடும் குப்பையும் மணல் ஈக்கு வீடு. 1992க்குப் பின் ஆயுதக் குழுக்கள் தங்களுக்குள் மோதி மேற்குக் காபூலை இடிபாடாக்கின. 2001க்குப் பின் இந்நோய்க்கு எதிர்ப்பாற்றல் இல்லாத அகதிகள் பல இலட்சம் பேர் நாடு திரும்பி, கிடைத்த சுவரோரங்களில் தங்கினர். 2000களின் தொடக்கத்தில் காபூலில் மட்டும் சுமார் 67,500 பேருக்கு இப்புண் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. உலகில் இந்நோயின் மிகப் பெரிய நகர மையம் என்ற பெயர் அந்நகருக்கு வந்தது அப்படித்தான். இது ஆளைக் கொல்வதில்லை என்பதால் செய்தியாவதும் இல்லை. முகத்தில் தழும்புள்ள பெண்ணுக்கு வரன் அமைவதில் உள்ள துன்பத்தை எந்த மருத்துவக் கணக்கும் சேர்ப்பதில்லை.

சுவர் நேரடியாகவும் கொல்கிறது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹெராத்தின் சிந்தாஜான் பகுதியை நிலநடுக்கம் தாக்கியது முற்பகல் வேளையில். ஆண்கள் வெளியில் வேலையில் இருக்க, இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மரம் அரிதான அந்நிலத்தில் உத்தரம் போடாமல், கூரையையும் மண்கட்டியாலேயே வளைத்துக் கட்டுவது பழைய வழக்கம். வெயிலுக்கும் குளிருக்கும் அருமையான அந்தக் கூரை, ஆடினால் அப்படியே மண்ணாகக் கவிழ்ந்து மூடிவிடுகிறது.

மரத்தைப் பற்றிச் சொன்னதால் விறகையும் சொல்லிவிடுகிறேன். 1977இன் செயற்கைக்கோள் படங்களில் பாத்கிஸ் மாகாணத்தின் 55 விழுக்காட்டு நிலமும் தகார் மாகாணத்தின் 37 விழுக்காட்டு நிலமும் பிஸ்தா மரக்காடாகத் தெரிந்தன. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2002இல் ஆராய்ந்தபோது அக்காடுகள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்திருந்தன. மரம் போனபின் புதரையும் சாணத்தையும் எரிக்கிறார்கள். புகைபோக்கி சரியில்லாத மண்வீட்டில், பனிக்காலம் முழுவதும் மூடிய கதவுக்குள், அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். காபூலிலோ நிலக்கரியும் பழைய டயரும் எரிகின்றன; மலைகள் சூழ்ந்த கிண்ணம்போன்ற அந்நகரில் குளிர்காலக் காற்று மேலெழாமல் புகை அப்படியே படிந்துவிடுகிறது. வேர்ப்புதரையும் தோண்டி எடுத்துவிட்ட சரிவுகளில் மழை பெய்தால் மண்ணும் கல்லும் சேர்ந்து இறங்குகின்றன. 2024 மே மாதம் பாக்லான் மாகாணத்தில் ஒரே நாள் வெள்ளத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தது தங்கள் நாளிதழிலும் ‘இயற்கையின் சீற்றம்’ என்றே வந்தது.

கண்ணிவெடிக் காயங்களுக்கும் இதில் இடமுண்டு என்று சொன்னால் சிலர் வியக்கக்கூடும். 1989 முதலே அங்கு வெடிகளை அகற்றும் பணி நடக்கிறது. 2002இல் அந்நாடு கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. ஆயினும் நடமாட்டமில்லாத சரிவுகளிலும் பழைய போர்முனைகளிலும் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. புல் காயும்போது மேய்ப்பவன் பழகாத சரிவுக்கு ஆட்டை ஓட்டுகிறான், விறகு தீரும்போது சிறுமி இன்னொரு குன்றுக்குப் போகிறாள், பயிர் பொய்த்த வீட்டுச் சிறுவன் எடைக்குப் போட இரும்பு பொறுக்குகிறான். இப்பொருள்களால் உயிரோ உறுப்போ இழப்பவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களாக இருப்பது தற்செயல் அன்று. வெடி போரினுடையது, அதன்மேல் அந்தக் காலை வைக்கச் செய்தது வறட்சி.

தண்ணீரைப் பற்றி எழுத என் மாவட்டத்து அனுபவம் கைகொடுக்கிறது. ஆழ்துளைக் கிணறு கீழே போகப் போக ஃபுளோரைடு கூடி, பல் பழுப்பேறி, முதுகெலும்பு விறைத்தவர்களைப் பார்த்துத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆப்கானிஸ்தானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை மின்சாரமின்றிச் சரிவாலேயே ஊருக்குக் கொண்டுவரும் காரீஸ் என்ற சுரங்கக் கால்வாய்கள் நூற்றாண்டுகளாக இருந்தன. போராளிகள் ஒளிகிறார்கள் என்று சோவியத் காலத்தில் அவற்றையும் தகர்த்தார்கள். தப்பியவற்றை இப்போது வறட்சியும், சூரிய ஒளி மோட்டார் பூட்டிய ஆழ்துளைக் கிணறுகளும் வற்றடித்துவருகின்றன. கஜ்னி, லோகர் மாகாணங்களின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கண்டறியப்பட்டிருக்கிறது. காபூலிலோ நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்க, மேலே எஞ்சிய நீரில் கழிப்பறைக் குழிகளின் கசிவு கலக்கிறது. கோடையில் வயிற்றுப்போக்கு பரவுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. வெளிநாட்டுச் செய்தி முகமைகளின் குறிப்பில் காரணம் தெரியாத நோய் என்று வரும்போது, அதை ‘மர்ம நோய்’ ஆக்காமல், பாதிக்கப்பட்டவர்கள் எதை உண்டார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், எதை எரித்தார்கள், அவ்வாண்டு மழை எப்படி, அறுவடை எப்போது என்ற விவரங்களை முகமையிடம் கேட்டு, கிடைத்ததை இரண்டு வரியாகச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் ‘காரணம் இன்னும் ஆராயப்படவில்லை’ என்று எழுதுவது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். மர்மம் என்ற சொல், தேட வேண்டியவரைத் தேடாமல் இருக்க விட்டுவிடுகிறது.

இன்னொரு வேண்டுகோள் நம் ஊர் சார்ந்தது. குல்ரான் நோயைப் போன்றதே 1970களின் நடுவில் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டப் பழங்குடி ஊர்களிலும் பரவி உயிர்களை வாங்கியது. அங்கு சாமையில் கலந்திருந்தது கிலுகிலுப்பை இனத்துச் செடியொன்றின் விதை. சிறுதானியத்தின் பெருமையைப் பேசித் தங்கள் வேளாண் பக்கத்தில் எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. சாமை அறுவடைக் காலத்தில், களைவிதை நீக்குவதைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பை அங்கே வெளியிட்டால் நன்றாக இருக்கும். எங்கள் பக்கத்து மலைக்காடுகளில் சாமை விளையும் இடத்தருகிலேயே கிலுகிலுப்பையும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.