உன் தம்பிக்கும் சேர்த்து

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. "வேலை கிடைத்ததா, இல்லையா?" என்று கேட்டிருந்தாய். இல்லை என்று எழுத மனம் வரவில்லை. கிடைத்தபின் எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் ஓசூரில், திட்ட மேலாளராக ஒன்பது மாத ஒப்பந்தம். வாகன உதிரி பாகங்கள் செய்யும் நடுத்தர அளவுத் தொழிற்சாலை. கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் பழைய எஸ்.ஏ.பி. மென்பொருளை விட்டுவிட்டு, அதே நிறுவனத்தின் புதிய எஸ்/4ஹானாவுக்கு மாறுகிறார்கள். பாதிவழியில் நிற்கும் அந்த வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியபின் எதற்கு இந்த ஊர் ஊராகப் போகும் பிழைப்பு, ஓரிடத்தில் உட்காரக் கூடாதா என்று வழக்கம்போல் கேட்டிருக்கிறாய். நிரந்தர வேலையில் இந்த வயதில் என்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் செய்யும் வேலையைப் பற்றி வாராவாரம் அறிக்கை தொகுக்கும் நாற்காலியில். எனக்கு ஆலைக்குள் நடமாட வேண்டும், ஆரம்பமும் முடிவும் உள்ள வேலை வேண்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் வாதாட ஒன்றும் இல்லை.

உன் தம்பி விஷயம் அப்படி இல்லை. பதினெட்டு வருடம் ஒரே நிறுவனத்தில் இருந்துவிட்டு வேலை போனவன், "நானும் கான்ட்ராக்டில் போகிறேன்" என்கிறான். போகலாம், திறமை இருக்கிறது. ஆனால் எங்கே தேடுகிறான் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் கொஞ்சம் கவலை வந்தது. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் தினமும் காலையில் பயோடேட்டாவைப் புதுப்பிக்கிறான், லிங்க்ட்இன்னில் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையம் போட்டிருக்கிறான், ஆள் பிடித்துத் தரும் வெண்டர் யார் அழைத்தாலும் "சரி, அனுப்புங்கள்" என்கிறான்.

அந்த வெண்டர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே மாப்பிள்ளையின் ஜாதகத்தை ஐந்து தரகர்கள் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்திருப்பாய். அதேதான். ஒரு கம்பெனி ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னால் அது ஐந்தாறு ஆள்சேர்ப்பு நிறுவனங்களுக்குப் போகிறது. அத்தனை பேரும் நம்மை அழைக்கிறார்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டார்கள். நடப்புச் சம்பளம் என்ன, எதிர்பார்ப்பது என்ன, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று மூன்று கேள்விகள் மட்டும் மனப்பாடமாக இருக்கும். சொந்தமாக வேலை செய்பவளுக்கு ஏதம்மா நடப்புச் சம்பளம் என்று கேட்டால், "ஏதாவது ஒரு எண் சொல்லுங்கள் மேடம், கட்டம் காலியாக இருக்கக் கூடாது" என்றாள் ஒரு பெண். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. "என் சார்பில் விண்ணப்பிக்க உங்களுக்குச் சம்மதம் தருகிறேன்" என்று நம்மிடம் ஒரு மின்னஞ்சல் கேட்பார்கள். யோசிக்காமல் இரண்டு பேருக்கு அதைக் கொடுத்துவிட்டால், ஒரே பெயர் இரண்டு பக்கமிருந்து கம்பெனிக்குப் போய்ச் சேரும். எந்த வெண்டருக்குக் கமிஷன் என்ற தகராறு நமக்கு எதற்கு என்று கம்பெனி அந்தப் பெயரையே அடித்துவிடும். ஆகவே கம்பெனியின் பெயர் தெரியாமல் அந்தச் சம்மதத்தை எழுதித் தர வேண்டாம் என்று அவனிடம் சொல்.

ஓசூர் வேலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். இதற்கு முன் ஒரகடத்தில் ஒரு ஆலைக்கு இதே போன்ற மாற்றத்தை நடத்திக் கொடுத்தேன் இல்லையா, அங்கே பொங்கல் விடுமுறையில்தான் கட்ஓவர், அதாவது பழையதிலிருந்து புதியதற்குத் தாவும் நாள். ஆலை மூடியிருக்கும் சில நாட்களுக்குள் பழைய கணினியை நிறுத்தி, சரக்கு இருப்பை எண்ணி, நிலுவையில் உள்ள கொள்முதல் ஆணைகளைப் புதியதில் ஏற்றிவிட வேண்டும். விடுமுறை முடிந்து முதல் லாரி வாசலில் நிற்கும்போது இன்வாய்ஸும், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் என்ற ஜி.எஸ்.டி. சீட்டும் அச்சாகி வர வேண்டும். வராவிட்டால் லாரி நகராது, எதிர்முனையில் கார் கம்பெனியின் உற்பத்தி வரிசை நிற்கும்.

மாட்டுப் பொங்கலன்று இரவு இருப்புக் கணக்கு இடித்தது. ஒரு ரக போல்ட், புதிய கணினியில் இருக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்கு காட்டியது. ஸ்டோரில் போல்ட்டைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள், உற்பத்திக்கு எண்ணிக்கைக் கணக்கில் கொடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை போல்ட் என்ற விகிதத்தைப் பதிவு செய்தவர் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளிப் போட்டுவிட்டார். "வித்தியாசத்தைச் சரிக்கட்டல் பதிவாகப் போட்டுவிட்டு மேலே போகலாம்" என்றார் மென்பொருள் ஆலோசகர். போட்டிருந்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். ஆனால் கணக்குத் தணிக்கையில் ஸ்டோர் பொறுப்பாளர் தலையில் விடிந்திருக்கும், அடுத்த முறை போல்ட் வாங்கும்போது அதே குளறுபடி திரும்பவும் வந்திருக்கும். நானும் அந்தப் பொறுப்பாளரும் நூறு போல்ட்டை எண்ணித் தராசில் வைத்தோம். விகிதத்தைத் திருத்தினோம். அதோடு விடாமல், கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் கொடுக்கும் மற்ற ரகங்களையும் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தோம். இன்னும் இரண்டில் அதே தவறு இருந்தது.

அந்தப் பொறுப்பாளர் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறார். "மேடம், இங்கேயும் அதே கூத்துதான் நடக்கிறது, வருகிறீர்களா?" என்று அழைத்தவர் அவர்தான்.

அதிர்ஷ்டம் என்று நீ சொல்வாய். முழுவதும் அப்படி இல்லை. கையிலிருந்த வேலை முடிவதற்கு முன்பே, என்னோடு சிக்கலான நேரத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் ஒரு சின்னச் செய்தி அனுப்பினேன். "மார்ச் இறுதியில் கைவேலை முடிகிறது. ஆலைகளில் எஸ்.ஏ.பி. மாற்றத்துக்குக் கட்ஓவர் திட்டமிடவோ, நடுவில் சிக்கி நிற்கும் வேலையை மீட்கவோ ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள்." இவ்வளவுதான். "உங்களிடம் ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் அனுதாபப்படுவார்கள், யாருக்கும் நம்மை எங்கே பொருத்துவது என்று தெரியாது. மனிதவளத் துறையில் யாருக்கும் அனுப்பவும் இல்லை. அவர்களுக்கு நம் பயோடேட்டாதான் தெரியும். கணக்குப் பிரிவு, ஸ்டோர், உற்பத்தி, மென்பொருள் பிரிவு, இங்கே இருப்பவர்களுக்குத்தான் நாம் எப்படிப்பட்டவர் என்று தெரியும். அவர்கள் வேலை மாறும்போதெல்லாம் நம் பெயரும் புது இடத்துக்குப் போகிறது.

சந்தையில் வேலை இல்லாமலும் இல்லை. பழைய மென்பொருளின் பெரும்பாலான பதிப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நின்றுவிடும், அதற்குமேல் கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை என்று எஸ்.ஏ.பி. நிறுவனம் 2020இலேயே அறிவித்துவிட்டது. அப்போது கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்கள் பலர் இப்போதுதான் ஓடுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்குக் கடைசி நேரத்தில் ஓடுவது புதிதா என்ன?

உன் தம்பியின் பயோடேட்டாவை நீ அனுப்பியிருந்தாய், பார்த்தேன். முதல் பத்தி முழுக்கத் தலைமைப் பண்பு, விளைவுகளில் கவனம், பல கோடி பட்ஜெட் என்று ஓடுகிறது. எந்தச் சாட்ஜிபிடியைக் கேட்டாலும் எழுதித் தரும் பத்தி. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுக் கணினி அமைப்பை, கிளைகளை ஒரு நாள்கூட மூடாமல் புதிய அமைப்புக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். அடடா, அதுவல்லவா முதல் வரி! ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பவர் அனுபவ வருடங்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை. தன் தலைவலியை இந்த ஆள் இதற்கு முன் எங்காவது பார்த்திருக்கிறாரா என்பது ஒன்றைத்தான் தேடுகிறார். காப்பீட்டு நிறுவனங்கள், அவற்றுக்கு மென்பொருள் செய்துதரும் நிறுவனங்கள், அங்கே அவனோடு வேலை செய்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் போதும். "எந்தத் துறையானாலும் செய்வேன்" என்பவனை எந்தத் துறைக்காரரும் கூப்பிடமாட்டார்.

திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ் எடுக்கலாமா என்று கேட்டானாம். எடுக்கட்டும். வெண்டர்கள் கணினியில் வடிகட்டும்போது அது இருந்தால் பெயர் மிஞ்சும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அறுபது மணிநேரப் பயிற்சிப் புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், நானும் விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஓசூரில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஓசூரில் என்ன பேசினோம் தெரியுமா? நான்தான் அதிகம் கேட்டேன். எனக்கு முன் இதை நடத்தியவர் யார், ஏன் போனார்? மென்பொருள் நிறுவனத்தின் மேனேஜர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். அப்படியானால் முடிவுகளை எடுத்தது யார்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிவெடுக்க வேண்டிய மேலதிகாரிகளின் வழிகாட்டுக் குழு கூடியே மாதங்கள் ஆகியிருந்தன. கொள்முதல் பிரிவு ஒன்று சொல்ல, கணக்குப் பிரிவு வேறொன்று சொல்ல, மென்பொருள்காரர்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டு மணிக்கணக்குக்குப் பில் போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற எனக்குப் பொறுப்பு இருக்கும், அதிகாரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிர்வாக இயக்குநர் அரைமணி நேரம் என்னோடு உட்கார வேண்டும், தேங்கி நிற்கும் முடிவுகளை அங்கேயே எடுத்துவிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், பிறகு எழுதினார். அவர் மறுத்திருந்தால் நான் வந்திருக்கமாட்டேன்.

இனிப் பணம். இதைத் தம்பி இரண்டு முறை படிக்கட்டும். மாதச் சம்பளக்காரன் ஒப்பந்தத் தொகையைப் பார்த்ததும் மயங்கிவிடுவான். மூன்று லட்சத்துக்கு இன்வாய்ஸ் போடுகிறான் என்று வைத்துக்கொள். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. 54,000 சேர்த்து 3,54,000. கம்பெனி தொழில்முறைக் கட்டணத்துக்குப் பத்து சதவீதம் டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே, அதாவது 30,000 பிடித்துக்கொண்டு 3,24,000 தரும். தரும்போது தரும்! ஆனால் அந்த 54,000 ரூபாயை இன்வாய்ஸ் போட்ட மாதத்தின் கணக்கிலேயே அரசுக்குக் கட்டியாக வேண்டும். பணம் வரவில்லை என்று அரசிடம் சொல்ல முடியாது. போன வருடம் ஒரு வாடிக்கையாளர் எனக்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தார். என் கைப்பணத்தைப் போட்டு அவருடைய வரியை நான் கட்டிக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு மேலிடத்திலிருந்து பணம் வந்ததும் உங்களுக்கு" என்பதே அவர் பாட்டு. வெண்டர்கள் ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு வரியை நுழைப்பார்கள். அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்குக் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்டால் தனி ஆளாக இருந்தாலும் நாம் குறுந்தொழில். காசு கட்ட வேண்டாம், ஆதாரும் பான் எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் போதும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இதைவிட அவர்கள் அதிகம் பயப்படுவது 2023 நிதிச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குத்தான். கெடு தாண்டிய தொகையை, உண்மையில் கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. நிதியாண்டு முடியும் மார்ச்சில் அவர்களுடைய ஆடிட்டரே நமக்காக வாதாடுவார். எனக்கும் கடைசியில் அப்படித்தான் பணம் வந்தது. வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும், இன்வாய்ஸில் அந்த எண் இருக்க வேண்டும்.

இதோடு, வருடத்தில் மூன்று மாதம் வேலை இருக்காது என்று வைத்துத்தான் கட்டணத்தை முடிவு செய்ய வேண்டும். வருங்கால வைப்பு நிதி, கிராஜுவிட்டி எதுவும் கிடையாது. மருத்துவக் காப்பீட்டை நாமே எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள், அது ஒரு ஆறுதல். பழைய கம்பெனியின் குழுக் காப்பீடு முடியுமுன் அவன் இதைச் செய்ய வேண்டும். அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தாயே.

நம்மோடு விடுதியில் இருந்து இப்போது லண்டனில் இருப்பவள் போன வாரம் பேசினாள். அவளும் இதே பிழைப்புத்தான். அங்கே 2021 ஏப்ரலிலிருந்து, பெரிய, நடுத்தரக் கம்பெனிகளில் வேலை செய்தால் நாம் சுயதொழிலா, வேலையாள் மாதிரியா என்பதை வேலை கொடுப்பவரே தீர்மானிக்கிறாராம். வேலையாள் என்று முத்திரை விழுந்தால் வரியெல்லாம் சம்பளக்காரரைப் போல, விடுப்பும் பாதுகாப்பும் மட்டும் கிடையாது. அரை மணி நேரம் திட்டித் தீர்த்தாள். பிறகு உன்னைப் பற்றி விசாரித்தாள், நீ அவளுக்கு எழுதுவதே இல்லையாம்.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை மாலை என்னை அழைக்கச் சொல். பயோடேட்டாவை அதற்குள் திருத்தி அனுப்பினால் நல்லது, திருத்தாமல் அழைத்தால் திட்டு வாங்குவான். அப்புறம் ஒரு உதவி. உன் நாத்தனார் குடும்பம் ஓசூரில்தானே இருக்கிறது? பாகலூர் ரோடு பக்கம் ஒரு படுக்கையறை வீடு ஒன்பது மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா, தண்ணீர் எப்படி, தனியாக இருக்கும் பெண்ணுக்கு முணுமுணுக்காமல் தருவார்களா என்று கேட்டு எழுது. முன்பணம் பத்து மாத வாடகை என்று ஒரு தரகர் சொல்கிறார். ஒன்பது மாதம் இருப்பவளிடம் பத்து மாத முன்பணம் கேட்கிற நியாயத்தையும் உன் நாத்தனாரே சொல்லட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி