மதகு திறந்ததா, கரை உடைந்ததா? செல் ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டங்களை வழிநடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

எல்டிஹெச் (சவ்வு சிதைந்த செல்லிலிருந்து வெளியே கசியும் நொதி) கூடியிருக்கும் ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டி 'பைரோப்டோசிஸ்' (அழற்சியைத் தூண்டும் ஒருவகைச் செல் சாவு) என்று எழுதும் ஆய்வேடுகளில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

பைரோப்டோசிஸில், ஆபத்தை உணரும் என்எல்ஆர்பி3 புரதம் விழித்ததும், ஏஎஸ்சி என்ற இணைப்புப் புரதம் வழியாகக் கேஸ்பேஸ்-1 என்ற வெட்டும் நொதி கிளம்பும். அது கேஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டும். வெட்டுண்ட 31 கிலோடால்டன் துண்டுகள் கூடிச் சவ்வில் துளையிடும். 17 கிலோடால்டன் ஐஎல்-1பீட்டா (அழற்சிச் செய்தி சொல்லும் புரதம்) அதில் வெளியேறிவிடும். 140 கிலோடால்டன் எல்டிஹெச் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். நிஞ்ச்1 புரதம் சவ்வைக் கிழித்த பிறகே வெளியே கொட்டும். இது 2021-இல்தான் தெளிவானது. மதகு திறப்பதற்கும் கரை உடைவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காவிரிக்கரையில் விளக்க வேண்டுமா என்ன! நெக்ரோப்டோசிஸ் என்ற வேறுவகைச் செல் சாவில் எம்எல்கேஎல் புரதம் சவ்வைச் சிதைத்தாலும் வெளிவருவது இதே எல்டிஹெச்தான்.

ஆகவே 5 மில்லிமோலார் கிளைசின் (ஒரு அமினோ அமிலம்) சேர்த்த செல் தட்டுக் குழிகளையும் பக்கத்தில் வையுங்கள் (100 மி.லி. ஊடகத்துக்கு 37.5 மி.கி.; காசு அதிகமில்லை). கிளைசின் கிழிசலைத் தடுக்கும், துளையைத் தடுக்காது. எல்டிஹெச் இறங்கி, ஐஎல்-1பீட்டா தொடர்ந்து வந்தால் மதகு திறந்திருக்கிறது என்று பொருள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) கேஸ்டெர்மின் டி-யின் 31 கிலோடால்டன் பட்டை தெரியாவிட்டால், செத்த செல்களோடு துண்டும் மேல்நீரில் (செல்களின் மேல் நிற்கும் ஊடகம்) போயிருக்கலாம். செல்சாற்றையும் மேல்நீரையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

பாதித் தவறு செல் தேர்விலேயே நேர்கிறது. வளர்ப்பது எளிது என்று எல்லோரும் எடுக்கும் ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோஃபேஜ் செல்களில் ஏஎஸ்சி கிடையாது. என்எல்ஆர்பி3-ஐ எழுப்பும் நைஜெரிசினை எவ்வளவு ஊற்றினாலும் இந்தச் சங்கிலி ஓடாது. டிஹெச்பி-1 என்ற மனித மோனோசைட் செல்களை எடுங்கள்: பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கொடுத்து ஒட்டவைத்து, ஒரு நாள் பிஎம்ஏ இல்லாத ஊடகத்தில் ஓய்வு, பிறகு மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளியுறைப் பொருள்) 4 மணி நேரம். கடைசியில் 10 மைக்ரோமோலார் நைஜெரிசின் ஒரு மணி நேரம். நைஜெரிசின் பொட்டாசியத்தை வெளியேற்றுவதே என்எல்ஆர்பி3-க்கு அழைப்பு.

நெக்ரோப்டோசிஸுக்கு ஹீலா செல்கள் வேண்டாம், அவற்றில் எம்எல்கேஎல்-ஐத் தூண்டும் ரிப்கே3 நொதி இல்லை, ஹெச்டி-29 செல்கள் சரி. செல் சாவைத் தூண்டும் டிஎன்எஃப், ஸ்மாக் மிமெட்டிக்கோடு 20 மைக்ரோமோலார் இசட்-வேட் (கேஸ்பேஸ் தடுப்பான்) சேர்ப்பது செல்லைக் காப்பாற்ற அன்று. ரிப்கே1, ரிப்கே3 இரண்டையும் வெட்டி அடக்கிவைக்கும் கேஸ்பேஸ்-8-ஐ முடக்கத்தான். மாணவர்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) தடுமாறும் இடம் இது.

எல்டிஹெச் அளக்கும் நேரத்தில் சீரத்தை 1 சதவீதத்துக்குக் குறையுங்கள், சீரத்திலேயே எல்டிஹெச் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் சோதனையைத் தொடங்க வேண்டாம். இன்குபேட்டர் நின்றால் மருந்தே படாத குழிகளும் எல்டிஹெச் கக்கும்.

இப்படிக்கு,
செல் வளர்ப்பு ஆய்வகத்தார்