போன் பண்ணச் சொல்றீங்களே, யாரு பண்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல காது கேளாதவங்க குடும்பங்களோட மனநலம் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு வரி. வீட்டில் காது கேட்கும் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது, டாக்டரிடம் பேச அந்தப் பிள்ளையே போதும்னு. யாரோட கவலை சார் தீர்ந்துச்சு? டாக்டரோடதா?

அந்தப் பிள்ளை நான்தான். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது கேட்காது, தம்பிக்கும் கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும். பேசத் தெரிஞ்ச நாள்லருந்து பேங்க், ஸ்கூல் மீட்டிங், வீட்டு ஓனர், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் நான்தான் வாய். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பாவுக்குத் தூக்கம் போச்சு, வேலைக்குப் போறது நின்னுபோச்சு, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாரு, மனநல டாக்டர்கிட்ட போனோம், அங்கயும் நான்தான். டாக்டர் அப்பா மூஞ்சியைப் பார்க்கவே இல்ல, என்னைப் பார்த்து "சாகணும்னு தோணுதான்னு கேளும்மா" ன்னாரு. அதை ஒரு பிள்ளை அப்பன்கிட்ட எப்படி சார் கேட்கும்? நான் பசிக்குதான்னு கேட்டேன். அப்பா இல்லன்னு தலையாட்டுனாரு. டாக்டர் இல்லன்னு எழுதிக்கிட்டாரு.

அதுக்கடுத்த கேள்வி, காதுல யாராச்சும் பேசுற மாதிரி கேட்குதாங்கறது. இதை மட்டும் அப்படியே கேட்டேன். அப்பா ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பையும் டாக்டர் ஏதோ எழுதிக்கிட்டாரு, என்னன்னு தெரியல. சைகை மொழியில புருவம் தூக்குறது, முகம் சுளிக்கிறது எல்லாம் இலக்கணம், கேள்வியா சாதா வாக்கியமாங்கறதே புருவத்துலதான் இருக்கு. அது தெரியாதவங்களுக்கு அப்பா பேசுறதைப் பார்த்தா ஆள் கொந்தளிச்சுப் போயிருக்காருன்னுதான் படும். பேப்பர்ல எழுதிக் காட்டலாமேன்னு உங்க கட்டுரையாளர் சொல்றாரு. சைகையையே முதல் மொழியா வச்சு வாழுறவருக்கு நாம எழுதுறது ரெண்டாவது மொழி. நெஞ்சுல இருக்கறதை ரெண்டாவது மொழியில நாலு வரியில எழுதிக் கொடுன்னா யாரால முடியும், அவரால முடியுமா? உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்கன்னும் போட்டிருக்கீங்க. கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமில்லாம பாடு, மாடுன்னு சொல்லிப் பாருங்க. உதடு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எழுத உட்கார்ந்ததுல பழசெல்லாம் வருது, மன்னிக்கணும். சைகை மொழி உலகம் பூரா ஒண்ணுதான்னு முன்னாடி ஒருதடவை போட்டீங்க. அமெரிக்கச் சைகை மொழிக்காரங்களுக்கும் பிரிட்டிஷ் சைகை மொழிக்காரங்களுக்குமே ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரியாது. அப்பவே கடிதம் எழுதினேன், நீங்க போடல. உங்களுக்குத் தெரியாததா, இடம் இருந்திருக்காது.

அதிர்ச்சி, ட்ராமான்னு கட்டுரை முழுக்க எழுதியிருக்காரு, ஆனா அது எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு வரி இல்ல, ஏதோ காதுக்குள்ளருந்தே வந்த மாதிரி. 1880ல இத்தாலியில மிலான்ல, காது கேளாத பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற ஆசிரியருங்க மாநாடு கூடி, கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்கிறவங்க, இனிமே பள்ளிக்கூடத்துல சைகை வேண்டாம், வாயால பேசத்தான் கத்துக்கொடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. அது நாடு நாடாப் பரவுச்சு. 2010ல கனடாவுல வான்கூவர்ல அதே மாநாடு கூடி வருத்தம் தெரிவிச்சாங்க, 130 வருஷம் கழிச்சு, நல்லாருக்கட்டும். எங்கப்பா அந்த 130 வருஷத்துக்குள்ள படிச்சவரு. வகுப்புல கையை ஆட்டினா அடி, அதனால கையைத் தொடைக்கடியில வச்சுக்கிட்டு உட்காருவாங்களாம். புது ஆளுங்க முன்னாடி இப்பவும் அப்படித்தான் உட்காருவாரு.

சின்ன வயசுல வீட்லயும் அப்பாவுக்குப் பேச்சுத்துணை இல்ல. காது கேட்காத பிள்ளைங்கள்ல பத்துல ஒன்பதுக்கு மேல காது கேட்கிற அப்பா அம்மாவுக்குத்தான் பொறக்குதுங்க, அந்தப் பெத்தவங்கள்ல நிறையப் பேர் சைகை கத்துக்கறதே இல்ல. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்து பேசிச் சிரிப்பாங்க, இவரு என்னன்னு கேட்டா "அப்புறம் சொல்றேன்" பாங்க, அந்த அப்புறம் வரவே வராது. பாட்டி அவர் மேல உயிரையே வச்சிருந்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பாட்டிக்கு அவர்கிட்ட சொல்லத் தெரிஞ்சதெல்லாம் சாப்பிடு, தூங்கு, வா, போ. சின்ன வயசுல ஒரு மொழியும் முழுசாக் கிடைக்காத பிள்ளைக்குப் பயம்னும் கோவம்னும் வெக்கம்னும் உள்ள இருக்கறதைப் பிரிச்சுச் சொல்லவே வராது. காதுல மாட்டுற கருவி வச்சாலும் சரி, காதுக்குள்ளயே கருவி பொருத்துற காக்ளியர் ஆபரேஷன் பண்ணாலும் சரி, கூடவே சைகையும் கொடுங்கன்னு காது கேளாதவங்க சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க, உங்க கட்டுரையாளர் அவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது பேசினாரான்னு தெரியல.

காது கேளாதவங்களுக்குப் பொறந்த என்னை மாதிரிப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்ல கோடான்னு (CODA, Child of Deaf Adults) ஒரு பேரே இருக்கு, அமெரிக்காவுல 1983லயே இதுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு சாவுச் செய்தி, ஒரு கடன்காரன் பேச்சு, அம்மாவோட கர்ப்பப்பை ரிப்போர்ட், எல்லாம் எங்க வழியாத்தான் போகும். போற வழியில எங்க மேல படாம எப்படிப் போகும் சார்? பெரியவளானதும் எனக்கே கவுன்சிலிங் தேவைப்பட்டுச்சு, அங்க போயும் முதல் கொஞ்ச நாள் அப்பாவுக்கு என்ன, தம்பிக்கு என்னன்னே பேசிட்டிருந்தேன், உனக்கு என்னன்னு அந்தம்மா கேட்டப்ப பதிலே வரல.

அப்பாவுக்கு ஒரு வழி கிடைச்சது அறுபது வயசுக்கு மேலதான். சைகை தெரிஞ்ச கவுன்சிலர், அவருக்கே காது கேட்காது. நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். உள்ள என்ன பேசினாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். மகளா மட்டும் உட்கார்ந்திருக்கறது எவ்வளவு நல்லா இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு கவுன்சிலர் கிடைப்பாங்கன்னு சொல்லல, கிடைக்கலன்னா பயிற்சி எடுத்த சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடணும், வீடியோ காலாவது போடணும். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது. அவ்வளவு சிம்பிள்.

கடைசியா, எதுக்கு எழுத ஆரம்பிச்சேனோ அது. காது கேளாதவங்களுக்கான அந்தக் கட்டுரை முடியற இடத்துல "உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" னு ஒரு போன் நம்பர் போட்டிருக்கீங்க. அப்பா அதை வட்டம் போட்டு என்கிட்ட நீட்டினாரு, நீயே பேசும்மான்னு. அடுத்த இதழ்ல அந்த நம்பருக்குப் பக்கத்துல மெசேஜ் அனுப்பற மாதிரி ஒரு நம்பரும் போடுங்க, வீடியோ கால்ல சைகை தெரிஞ்சவங்க இருப்பாங்களா மாட்டாங்களான்னு விசாரிச்சு அதையும் ஒரு வரி சேருங்க. இதுக்காவது இடம் இருக்கும்னு நினைக்கறேன்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி