அந்தியோகியாவில் தோற்றது யார்?

அன்புள்ள சாமுவேல்,

நலம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மருந்தும் அப்படியே. பொன்னையா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை அவன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான். அதை நீயே பேசிச் சரிசெய்துகொள், நடுவில் என்னை இழுக்காதே. இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக.

இளைஞர் வேதபாட வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன ஞாயிறு, பவுல் எழுதிய கலாத்தியர் கடிதத்தின் இரண்டாம் அதிகாரம். முடித்துவிட்டு வெளியே வந்தால் கமிட்டிக்காரர் ஒருவர் வாசலில் காத்து நிற்கிறார். “பேதுருவும் பவுலும் சண்டை போட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களாமே?” “நான் எங்கே சொன்னேன், பவுலே எழுதியிருக்கிறார்” என்றேன். “எழுதியிருந்தால்? அதைத்தான் எடுத்து வாசிக்க வேண்டுமா?” என்கிறார். தேர்தல் வந்தால் இரண்டு அணியாகப் பிரிந்து, போலீஸ் நிலையம் வரை போய்வருகிற சபை நம்முடையது. அப்போஸ்தலர்கள் மட்டும் ஒருமனப்பட்டு இருந்திருக்க வேண்டுமாம்!

அன்று மூண்ட எரிச்சலில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. நடந்தது உனக்குத் தெரியும். அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள், கண்டிப்பான யூதருக்கு அது ஆகாத காரியம். பேதுருவும் அவர்களோடு உட்காருகிறார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வருகிறார்கள். பேதுரு மெல்ல நழுவி விலகிக்கொள்கிறார், மற்ற யூதர்களும் பின்னாலேயே போகிறார்கள், கூடவே உழைத்த பர்னபாவும் போய்விடுகிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகமுகமாய் எதிர்த்துக் கேட்கிறார்.

இத்தனை வருடம் இதை வாசித்திருக்கிறோமே, பேதுரு என்ன பதில் சொன்னார் என்று நாம் ஒருநாளாவது கேட்டோமா? பவுல் அதைச் சொல்லவே இல்லை. அதே அதிகாரத்தில், எருசலேம் தலைவர்கள் தமக்கு வலதுகை கொடுத்ததை விட்டுவிடாமல் எழுதுகிறவர் அவர். கள்ளச் சகோதரருக்கு ஒரு நாழிகைகூட இணங்கவில்லை என்று மார்தட்டுகிறவர். பேதுரு தலைகுனிந்து மறுபடி பந்தியில் வந்து உட்கார்ந்திருந்தால், அதைக் கடிதத்தின் முடிவில் தம் கையால் எழுதும் அந்தப் பெரிய எழுத்துகளிலேயே எழுதியிருப்பார். எழுதவில்லை. அந்தியோகியாவில் பவுல் தோற்றார் என்றே நினைக்கிறேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஆராய்ச்சியாளர் பலர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். லூக்காவோ அப்போஸ்தலர் நடபடிகளில் இந்தச் சண்டையைப் பற்றி மூச்சே விடவில்லை. பவுலும் பர்னபாவும் பிரிந்ததற்கு மாற்கு என்கிற யோவானைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்ற தகராறுதான் காரணம் என்கிறார்.

சங்கடம் நம் கமிட்டிக்காரருக்கு மட்டுமல்ல, சபைப் பிதாக்களுக்கும் இருந்திருக்கிறது. பேதுருவுக்குக் கேபா என்றும் பெயர் உண்டல்லவா, அலெக்சாந்திரியா கிளெமெந்து, திட்டு வாங்கிய கேபா பேதுருவே அல்ல, எழுபது சீடர்களில் ஒருவர் என்று சொன்னாராம். ஜெரோம் இன்னும் சாமர்த்தியசாலி: இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடித்த நாடகம் என்றார். அகஸ்டின் அதை விடவில்லை. வேதத்தில் ஒரு பொய்யை அனுமதித்தால் எதைத்தான் நம்புவது என்று கேட்டு ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். முதல் கடிதம் போய்ச் சேரவில்லை. அடுத்தது ஜெரோம் கைக்கு வருவதற்குள் இத்தாலியில் ஊரெல்லாம் பிரதி எடுத்து வாசித்துவிட்டார்கள். ஜெரோமுக்கு வந்த கோபத்தை நீ படிக்க வேண்டும். நீ எனக்கு எழுதியதை பொன்னையா முதலில் பிரித்துப் படித்த கதையெல்லாம் இதன் முன் ஒன்றுமே இல்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் ஜெர்மானியர் பவுர் நிற்கிறார். டூபிங்கன் பேராசிரியர். 1831இல் கொரிந்து சபையின் கட்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். “நான் பவுலைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன்” என்று அங்கே பிரிந்து நின்றார்களே, அந்தக் கோட்டை இழுத்து ஆதி சபை வரலாறு முழுவதற்கும் நீட்டிவிட்டார். ஒரு பக்கம் பேதுருவின் யூதக் கட்சி, மறுபக்கம் பவுலின் புறஜாதிக் கட்சி, இரண்டாம் நூற்றாண்டில்தான் சமரசம். நடபடிகள் அந்தச் சமரசத்துக்காக எழுதப்பட்ட புத்தகம். பவுலின் பெயரில் இருப்பவற்றில் ரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர் ஆகிய நான்கை மட்டும் மெய்யானவை என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டார். படிக்கும்போது அடடா என்றுதான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்கிறவனைக் கண்டால் எனக்குப் பயம். பின்னால் இங்கிலாந்தில் லைட்ஃபுட் என்ற அறிஞர், இக்னேஷியஸின் கடிதங்கள் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தவைதான் என்று நிலைநாட்டினார். அந்தக் கடிதங்களில் ஒன்றில் இக்னேஷியஸ் பேதுருவையும் பவுலையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார், அதுவும் அந்தியோகியாவின் கண்காணியாக, அதாவது பிஷப்பாக, இருந்துகொண்டு! பவுர் கேட்ட நீண்ட பகைக்கு அங்கே இடமில்லை.

பகையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரோமாபுரி கிளெமெந்தின் (முன்பு சொன்னவர் அல்ல, வேறொருவர்) பெயரில் வழங்கும் ஒரு பழைய கதைத்தொகுதியில் பேதுரு, மந்திரவாதி சீமோனோடு வாதாடுகிறார். தரிசனத்தில் கண்டேன் என்கிறாயே, கூடவே ஒரு வருடம் இருந்து கற்ற எங்களைவிட அது பெரிதா என்று கேட்கிறார். என்னைக் குற்றவாளி என்கிறாயா என்று வேறு கேட்கிறார். சீமோன் எங்கே பேதுருவைக் குற்றவாளி என்றான்? அப்படி எழுதியது கலாத்தியரில் பவுல். சீமோன் வேஷத்தில் அடி வாங்குகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. யூத முறைமையை விடாத எபியோனியர் என்ற பழைய கிறிஸ்தவக் கூட்டத்தார் பரப்பிய வம்பு இன்னும் ருசியானது; எப்பிபானியஸ் குறித்துவைத்திருக்கிறார். பவுல் பிறப்பால் கிரேக்கராம், எருசலேமில் ஆசாரியன் மகளைக் கட்ட ஆசைப்பட்டு விருத்தசேதனம் செய்துகொண்டாராம், பெண் கிடைக்காத ஆத்திரத்தில் விருத்தசேதனத்தையே தாக்கி எழுதினாராம். நம் ஊர்த் திண்ணைப் பேச்சு தோற்றது போ.

ஐசன்மன் என்ற அமெரிக்கரையும் பார்த்தேன். சாக்கடல் அருகே கிடைத்த பழைய யூதச் சுருள்களில் வரும் நீதியின் போதகர் யாக்கோபு, பொய்யன் பவுல் என்கிறார். சுருள்களின் கார்பன் கணிப்பு அதற்கு ஒத்துழைக்கவில்லை. முக்கியமான ஆபகூக் விளக்கச் சுருள் யாக்கோபுக்கு முந்தையது என்றே காட்டுகிறது. உன் மருமகன் அனுப்பிய அந்த இரண்டு மணி நேரப் பேச்சின் மூலம் இதுதான். கேட்டு முடித்ததும் தலைவலிக்கு மாத்திரை போட்டேன்.

என்னை உறுத்துவது இதெல்லாம் அல்ல, ஒரு பணவிஷயம். எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பவுல் பாடுபட்டுக் காசு சேர்த்தாரே, நினைவிருக்கிறதா? ரோமர் பதினைந்தில், பரிசுத்தவான்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்கிறார். கொடுக்கிற கைக்கு ஏன் அந்தப் பயம்? நடபடிகள் இருபத்தொன்றில் எருசலேமுக்கு வந்து யாக்கோபைப் பார்க்கிறார். பணம் கைமாறியதாக ஒரு வரி இல்லை. அதற்குப் பதில், நீர் மோசேயை விட்டுவிடச் சொல்கிறீர் என்று இங்கே பேச்சு இருக்கிறது, பொருத்தனையுள்ள இந்த நாலு பேருக்கான செலவை ஏற்றுக்கொள்ளும் என்கிறார்கள். ஏற்றுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனவரைக் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. பிறகு செசரியாவில் இரண்டு வருடக் காவல். அதற்குள் எருசலேம் சபை எட்டிப் பார்த்ததாகவும் லூக்கா எழுதவில்லை. காணிக்கை என்று பவுல் வாயில் வருவது ஆளுநர் பேலிக்ஸ் முன்னால் ஒரே ஒரு தடவை, அதுவும் போகிறபோக்கில்.

நீ முப்பது வருடம் தணிக்கை செய்தவன். வசூல் இருக்கிறது, கொண்டுபோன ஆட்களின் பட்டியல் நடபடிகள் இருபதில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், ரசீது மட்டும் இல்லை. வாங்க மறுத்துவிட்டார்களா, அந்த நாலு பேரின் செலவுக்காகவே வாங்கிக்கொண்டார்களா, அல்லது லூக்கா மறைக்கிறாரா? அடுத்த ஞாயிறு வகுப்பில் இதைத்தான் எடுக்கப்போகிறேன், கமிட்டி என்ன சொன்னாலும் சரி. சனிக்கிழமைக்குள் உன் முடிவை எழுதி அனுப்பு. பொன்னையா வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடாதே.

உன்,
தங்கையா