உரிமம் ஒருவரிடம், வேலை வேறொருவரிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டணம் செலுத்திய ரசீதையும் முகவரிச் சான்றையும் மட்டும் பார்த்துவிட்டு, கம்பி கட்டுதல், கலவை விகிதம், சாரம் அமைத்தல் ஆகியவற்றில் விண்ணப்பதாரருக்கு உள்ள தேர்ச்சியைச் சோதிக்காமல் வழங்கப்படும் கட்டட ஒப்பந்ததாரர் உரிமத்தால் எவருக்கும் பாதுகாப்பில்லை. கான்கிரீட்டின் வலிமை 28 நாட்கள் கழித்தே முறைப்படி மதிப்பிடப்படுகிறது. தொடக்க நாட்களில் தண்ணீர் விட்டு ஈரம் காக்காததால் நேரும் பலவீனத்தைப் பூச்சு வேலை மறைத்துவிடுவதால், வீட்டு உரிமையாளரால் அதைக் கண்டறிய இயலாது. இதனினும் மோசமானது, உரிமம் பெற்றவர் தம் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பது. இது ஊரறிந்த ரகசியமே. துணை ஒப்பந்ததாரரையும் பதிவு செய்யாத பணிக்கு மாநகராட்சி கட்டட அனுமதி தரக் கூடாது. தொழிலாளர் விபத்துக் காப்பீடு நடப்பில் இருப்பதை உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்