ஆரன்முளாவும் எங்கள் ஏலாவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் கேரளத்தின் பம்பைக் கரை ஊரான ஆரன்முளாவைப் பற்றி, உலோகக் கண்ணாடி, வள்ளசத்யா விருந்து, பள்ளியோடம் என்னும் பாம்புப் படகு என்று இரண்டு பக்கம் இனிக்க இனிக்க எழுதிய உங்கள் கட்டுரையாளர், போகிற போக்கில் ஒரு வரி உதிர்த்திருக்கிறார்: "பன்னாட்டு விமான நிலையம் வந்திருக்க வேண்டிய ஊர், சிலரின் பிடிவாதத்தால் வயலோடு நின்றுவிட்டது."

அந்தச் சிலர் யார் என்பது தாங்கள் அறியாததல்ல. 2014-இல் கவிஞர் சுகதகுமாரி தம் பூர்வீக மண்ணுக்காக 108 நாள் சத்தியாகிரகத்தில் முன்னின்றபோது செங்கொடிக்காரர்களும் காவிக்கொடிக்காரர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். கேரளத்தில் அது எவ்வளவு அபூர்வம்! அந்த ஆண்டு மே மாதம் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விமான நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஆக, நீதிபதிகளும் பிடிவாதக்காரர்கள். அனுமதிக்கான ஆய்வறிக்கையைத் தயாரித்தது நம் மதுரையில் உள்ள ஒரு நிறுவனம். அதற்கு அந்தத் தகுதியே கிடையாது என்றது தீர்ப்பாயம். தமிழ்ப் பத்திரிகைக்கு இதுகூடவா மறந்துபோகும்?

நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை அந்த ஊர். கோயில் கொடிமரமே விமானத்துக்கு இடைஞ்சல் என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஓடுபாதைக்கென்று குன்றை வெட்டி நெல்வயலில் கொட்டினார்கள். கரிமாரம் தோடு என்ற ஓடை மறிபட்டது. பம்பை பெருகினால் தண்ணீர் ஏறி நின்று வடிகிற நிலம் அது. 2018 ஆகஸ்டில் அந்த ஊர் பட்ட பாட்டைத் தங்கள் பத்திரிகையும்தானே படம் போட்டது?

நான் தோவாளை வட்டத்தில் பரம்பரையாக நெல் விதைப்பவன். எங்கள் ஏலாவின், அதாவது வயல்பரப்பின், தலைமடை வயலை ஒருவர் வாங்கி, செம்மண் அடித்து, கல் நட்டு, வாசலில் வளைவும் கட்டினார். வாய்க்கால் அவருடைய மனைகளுக்கு அடியில் ஒரு குழாயாகிவிட்டது. முதல் போகமான கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. இரண்டாம் போகமான கும்பப்பூவில் மழைத் தண்ணீர் வடியவில்லை. மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வரைபடத்தை விரித்து, "வாய்க்கால் இருக்கிறதே" என்றார். வரைபடத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதில் நாற்று நட முடியுமானால் நான் ஏன் மனு எழுதப் போகிறேன்?

1956-இல் குமரி மக்கள் நாங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் நாங்கள் பிரிந்து வந்த கேரளத்தில் 2008-லேயே நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. அங்கேயும் வயலை மூடுகிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. எதிர்த்து நிற்பவன் கையில் காட்ட ஒரு சட்டமாவது இருக்கிறது. இங்கே 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைக்கானது. எங்கள் நாஞ்சில் நாட்டில் விளைவது நெல் இல்லைபோலும்.

இதையெல்லாம் முன்பே ஒரு கடிதத்தில் எழுதினேன். "இடமின்மையால்" வெளியாகவில்லை என்று பதில் வந்தது. அதே வாரம் பின்னட்டை முழுக்க வீட்டுமனை விளம்பரம்: பசுமை வயல்களின் நடுவே, நான்கு வழிச்சாலைக்கு அருகே. அதற்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

ஆரன்முளாவில் 2016-இல் முதல்வர் பினராயி விஜயனே வந்து விதை தூவினார்; அடுத்த ஆண்டு அறுவடையும் நடந்தது. மண் மூடிய இடம் முழுவதும் வயலாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கொட்டுகிறவன் லாரியில் கொட்டிவிட்டுப் போய்விடுவான்; இறுகிய மண்ணை அள்ளி, தோட்டைத் திறந்து, களை எடுத்து, சேறாக்கி மறுபடி விதைப்பதற்குள் விவசாயியின் ஆயுள் பாதி போய்விடும். அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் "வயலோடு நின்றுவிட்டது" என்கிறார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அனுமதியை ரத்து செய்தது தீர்ப்பாயம், உறுதி செய்தது உச்ச நீதிமன்றம் என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். பொடி எழுத்தில் போட்டாலும் போதும்.

என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்